டென்மார்க்கில் ராகுகாலம் எப்போது?

கப்பலில் எனக்குக் காலைச் சாப்பாடாக வைத்தது பன்றியிறைச்சிப் பொரியலும் முட்டையும். வடகடல் இரவு முழுக்க என்னைப் புரட்டி எடுத்திருந்ததால், தட்டைப் பார்த்ததுமே எழுந்து மேல்தளத்துக்கு ஓடிவிட்டேன். டென்மார்க்கிலிருந்து இங்கிலாந்துக்குப் போகும் அந்த இறைச்சியை வெட்டிப் பொதி செய்கிறவர்களில் என் பள்ளித்தோழி மலரும் ஒருத்தி. சுத்த சைவமாக வளர்ந்தவள். அவளிடம் போவதற்குத்தான் இந்தக் கடலைக் கடந்துகொண்டிருந்தேன்.

எண்பத்தெட்டாம் ஆண்டு மார்கழி மாதம். நான் லண்டனில் ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகங்களை வகைப்படுத்தும் வேலையில் இருந்தேன். பழைய உலகத்தில் நட்சத்திரம் பார்த்த பெண்களைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் வாசித்து ஒரு கொப்பியில் குறித்து வைப்பது என் பொழுதுபோக்கு. எனக்குச் சோதிடத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அதைச் செய்த பெண்களை ஆண்கள் ஏன் அவ்வளவு கேலி செய்தார்கள் என்று அறிய ஆசை. தான் இருக்கும் ஹொல்ஸ்டெப்ரோவில் நம்மவர்கள் மாதர் கூட்டம் ஒன்று நடத்துகிறார்கள், வந்து ஒரு மணித்தியாலம் கதை என்று மலர் எழுதியிருந்தாள்.

எஸ்பியெர்க் துறைமுகத்தில் இறங்கியபோது காலையா மாலையா என்று தெரியாத வெளிச்சம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் அம்பர் விற்றார்கள். பிசின் கல்லாகி, புயலடித்தால் கடல் கரையில் கொண்டுவந்து போடுகிற பொருள். தேன் நிறத்தில் நெல்லிக்காய் அளவு உருண்டை ஒன்றை மலருக்கு வாங்கினேன். கடைக்காரி அதைத் தன் கன்னத்தில் வைத்துக் காட்டி, "கல் குளிரும், இது குளிராது," என்றாள். அவள் ஆங்கிலம் என் ஆங்கிலத்தைவிட நன்றாக இருந்தது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

ரயிலில் எதிரே இருந்த கிழவர் இரண்டு மணித்தியாலம் ஒரு வார்த்தை பேசவில்லை. நம்மூர் ரயிலென்றால் அதற்குள் என் சம்பளம், சாதி, கலியாணம் எல்லாம் விசாரித்து முடித்திருப்பார்கள். இறங்கும்போது மட்டும் என் பெட்டியைத் தூக்கி மேடையில் வைத்துவிட்டு, தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

மலர் மேடையில் நின்றாள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். மொத்தமான நீலக் கோட்டுக்குள் மெலிந்து போயிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. அவள் கணவர் இறந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு அவளிடம் நடந்தேன்.

"எடி சரோ, உனக்கு இன்னும் அந்த நடை போகேல்லை," என்று கட்டிப்பிடித்தாள்.

அவள் வீடு இரண்டு அறை. குசினி மேசையில் ஒரு பஞ்சாங்கம், ஒரு கணக்குக் கொப்பி, அந்த ஊர்ப் பத்திரிகை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு பெண் குழந்தையின் படம். மகள் துளசி. மலர் நாட்டைவிட்டு வந்தபோது அவளுக்கு மூன்று வயது. வழியில் என்ன நடக்குமோ என்ற பயத்தில், ஆறு மாதத்தில் எடுத்துவிடலாம் என்று நம்பி, கோண்டாவிலில் தன் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்தாள். தமக்கைக்கு மூன்று பிள்ளைகள், துளசியோடு நான்கு. மலருக்கு இங்கே அகதி அந்தஸ்து கிடைத்து, மகளைக் கூப்பிட விண்ணப்பமும் போட்டாயிற்று. அதற்கு ஓம் என்றும் பதிலில்லை, இல்லை என்றும் பதிலில்லை. துளசிக்கு இப்போது ஆறு வயது ஆகப்போகிறது.

"அஃப்ஸ்லா, அதுதான் மறுப்பு, குடுத்தாலும் பரவாயில்லை. முடியாது எண்டு எழுதினால் மேலை கேக்கலாம். இவை ஒண்டும் எழுதீனமில்லை. பைல் மேசையிலை கிடக்காம்," என்றாள் மலர்.

அவளுக்கு மட்டுமல்ல. இந்த நாட்டில் மனைவியை, பிள்ளையைக் கூப்பிடக் காத்திருந்த தமிழர்கள் எல்லோர் கோப்புகளும் அப்படியே கிடந்தன. யாரோ மேலே இருந்து நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அப்போதே கதை அடிபட்டது. பிரெடெரிசியாவில் ஒரு பெண் வழக்கறிஞர், அரசாங்கத்தையே கேள்வி கேட்கும் அதிகாரமுள்ள ஒருவரிடம் கொடுக்க முறைப்பாடுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஹொல்ஸ்டெப்ரோக்காரர்களில் இருவர்தான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. மற்றவர்கள் வைத்த அன்று வேலைமுறை மாற முடியாமல் போன மலர் ஒருத்தி. அவளோடு அதே தொழிற்சாலையில் நிற்கும் மட்டக்களப்பு மகேசன் மற்றவர். அவர் மனைவி ஆரையம்பதியில் இருந்தார். வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு இருவரையும் வரச் சொல்லியிருந்தார் வழக்கறிஞர். அன்று மதியம் அவர் முறைப்பாட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு கோப்பன்ஹேகன் போகிறார்.

இங்கே வந்தபின் மீன் தின்னப் பழகியிருந்த மலர் அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கானாங்கெளுத்தி மீன் குழம்பு வைத்தாள். புளிக்கு இங்கே ஏதோ ஒரு காயின் சாறு. மீன் நன்றாக இருந்தது, புளி ஏமாற்றிவிட்டது. சாப்பிட்ட கையோடு அம்பர் உருண்டையைக் கொடுத்தேன். மணந்து பார்த்துவிட்டுப் பஞ்சாங்கத்தின் மேல் வைத்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை பின்னேரம் தேவாலயத்துக் கூட்ட அறையில் என் பேச்சு. மாதர் கூட்டமென்று பெயர். வந்தவர்களில் பாதிக்கு மேல் ஆண்கள். மனைவிமார் வந்து சேராத ஊரில் மாதர் கூட்டத்துக்கு வேறு யார் வருவது? தேநீரோடு நம்மூர் வடையும், அந்த நாட்டவர் மார்கழியில் சுடுகிற உருண்டைப் பணியாரமும் வைத்தார்கள். அதற்குள் ஆப்பிளும் இல்லை, ஒன்றும் இல்லை. பெயரில் மட்டும் ஆப்பிள்.

பாபிலோன் பக்கத்தில் சந்திரனுக்குக் கோவில் கட்டி, அரசனின் மகளையே அங்கே தலைமைப் பூசகியாக வைத்தார்கள் என்று தொடங்கினேன். பிறகு கிரேக்கத்துத் தெசலி நாட்டுப் பெண். சந்திரனைக் கீழே இறக்கிக் காட்டுகிறேன் என்று அவள் சொன்னாளாம். குறித்த நாளில் முழுநிலா கறுத்துப் போகும், ஊர் நடுங்கும். கிரகணம் எப்போது வரும் என்று கணக்குப் போடத் தெரிந்தவள் அவள். கணக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தால் யாரும் மதித்திருக்க மாட்டார்கள். மந்திரம் என்று சொன்னாள், பயந்தார்கள்.

ரோமாபுரிச் சீமாட்டிகள் பஞ்சாங்கம் போன்ற ஒரு புத்தகத்தைக் கையிலேயே வைத்திருந்தார்கள் என்றும், அது தேய்ந்து அம்பர் உருண்டை மாதிரிப் பளபளத்தது என்றும் அந்நாட்டு ஆண்கள் சிரித்தார்கள். அக்காலத்து ரோமாபுரிப் பெண்கள் அம்பர் உருண்டையைக் கையில் உருட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த அம்பரில் ஒரு பங்கு இந்தக் கடற்கரையிலிருந்துதான் போயிருக்கும் என்றபோது கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அலெக்சாந்திரியாவில் வானக் கணிதம் கற்பித்த ஒருத்தியைக் கும்பல் கொன்றதையும் சொன்னேன். நம் பழம் தமிழ்நாட்டில் நெல்லையும் கழங்கையும் பரப்பிக் குறி சொன்ன கட்டுவிச்சியர் இருந்தார்கள். அவர்கள் பார்த்தது நட்சத்திரமல்ல. ஆனால் அவர்களிடம் வந்தவர்கள் கேட்டதும் போனவர் எப்போது வருவார் என்பதைத்தான்.

அது நான் யோசிக்காமல் சொன்ன வார்த்தை. அங்கிருந்த அத்தனை பேரும் பஞ்சாங்கம் பார்க்கச் சொல்லி, அதே கேள்வியோடு மலரின் குசினிக்குப் போகிறவர்கள்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். கட்டையான, தோள் அகன்ற மனிதர். அவர்தான் மகேசன்.

"அக்கா, அந்தப் பொம்பிளையள் சொன்னது பலிச்சுதா?"

"பலித்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதியவர்கள் எல்லோரும் ஆண்கள்," என்றேன். பெண்கள் நாலைந்து பேர் கைதட்டினார்கள். மகேசன் சிரிக்கவில்லை.

கூட்டம் முடிந்து கதிரை அடுக்கும்போது அவர் மலரிடம் வந்தார். மலர் ஊரில் கணிதம் படிப்பித்தவள். அதனால் எல்லோருக்கும் அவள் ரீச்சர்.

"ரீச்சர், நாளைக்கு நான் வரல்ல. வெள்ளிக்கிழமை பத்தரை, ராகுகாலம் தொடங்குற நேரம். கலண்டர்ல தெளிவாப் போட்டிருக்கு. என்ட மனிசிக்காக ரெண்டு வருசமா இருக்கன். மறுகா ராகுகாலத்தில கையெழுத்து வச்சு அதையும் கெடுக்கவா?"

"நீங்கள் வராட்டி உங்கடை பேர் முறைப்பாட்டுக் கட்டிலை இராது, மகேசன்."

"தெரியும் ரீச்சர். ஆனா பயமாக் கிடக்கு. போன கிழமை கடிதம் வந்த. அவள் இப்ப வீட்டில இல்லையாம், சண்டைக்குப் பயந்து மாமி வீட்ட போய் ஒளிச்சிருக்காள். இந்த நேரம் பாத்து நான் ஒரு பிழை செய்ய ஏலா."

எனக்குப் பொறுமை போய்விட்டது. இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்க வாயெடுத்தேன். மலர் என் கையை அழுத்தினாள். பக்கத்தில் கிடந்த வடைத் தட்டைத் தள்ளிவிட்டுக் கைப்பையிலிருந்து பத்திரிகையையும் ஒரு தாளையும் பேனையையும் எடுத்தாள்.

"கலண்டர் ஊருக்குப் போட்டது. அங்கை சூரியன் ஆறு மணிக்கு உதிக்கும். ராகுகாலம் மணிக்கூட்டிலை இல்லை, பகலிலை இருக்கு. பகலை எட்டாய்ப் பிரிச்சு, வெள்ளியெண்டால் நாலாம் பங்கு. நாளைக்கு இஞ்சை சூரியன் எப்ப உதிக்குது?" பத்திரிகையின் மூலையில் விரலை வைத்தாள். "எட்டு அம்பதுக்கு. படுறது பின்னேரம் மூண்டு நாப்பதுக்கு. பகல் ஏழு மணித்தியாலமும் இல்லை. ஒரு பங்கு அம்பத்தொரு நிமிசம்." தாளில் கூட்டிக் கழித்தாள். "ராகுகாலம் பதினொண்டு இருபத்துமூண்டுக்குத்தான் தொடங்கும். பன்னிரண்டு பதினாலுக்கு முடியும். பத்தரைக்குப் போனால் அம்பது நிமிசத்துக்கு மேலை கிடக்கு. தாராளம்."

மகேசன் அந்தக் கணக்கைக் கையில் வாங்கி மூன்று தரம் பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளும் நாங்க பாத்த ராகுகாலம்?"

"பிழை. ஊர் மணியை இஞ்சை கொண்டந்து வைச்சனாங்கள்."

"நீங்க சொன்னாச் சரி, ரீச்சர். வாறன்," என்று அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் போனார். மலர் திருப்பி வாங்கிக் கைப்பையில் இருந்த தன் பஞ்சாங்கத்துக்குள் செருகினாள். வீட்டுக்கு நடக்கும்போது நான் கேட்டேன், இதையெல்லாம் நீ உண்மையில் நம்புகிறாயா என்று.

"இஞ்சை அகதி முகாமிலை இருக்கேக்கை ஆரோ இந்தப் பஞ்சாங்கத்தை ஊரிலையிருந்து எடுப்பிச்சவை. பெருக்கிப் பிரிக்கத் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்திதான். அப்பிடித்தான் துவங்கினது. ஊரிலையெண்டால் தாலி அறுத்தவளிட்டை நல்ல நேரம் கேட்டு வருவினமோ? எதிரிலை வந்தாலே திரும்பிப் போவினம். இஞ்சை வருகினம். கணக்கைப் பிழைவிடாமல் செய்வம் எண்டு செய்து செய்து, இப்ப நானும் நம்பிறன்." கொஞ்சத் தூரம் நடந்தபின் சொன்னாள்: "ஆனால் துளசியின்ரை சாதகத்தை மட்டும் இண்டுவரை விரிக்கேல்லை. சொந்தப் பிள்ளையின்ரையைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கணக்குப் பிழைக்கும்."

வெள்ளிக்கிழமை விடியுமுன்பே புயல். மூவரும் ரயில் ஏறினோம். மலருக்கு அன்று விரதம், மச்சம் இல்லை. கறுத்த பாணுக்குள் காய்ந்த தேங்காய்ப்பூச் சம்பலை வைத்து எங்களுக்கும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் பாணை மென்று முடிக்கத் தாடைக்குத் தனியே பலம் வேண்டும். மகேசன் வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, நெற்றியில் திருநீறு. பிறந்தநாளுக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பாதி வழிக்கு மேல் வெட்டவெளி வயலில் ரயில் நின்றது. முன்னால் தண்டவாளத்தில் மரம் விழுந்து கிடக்கிறது, வெட்டுகிறார்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னதை மலர் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். பெட்டியில் யாரும் முணுமுணுக்கவில்லை. ஒரு அம்மா கம்பளி பின்னத் தொடங்கினார். நம்மூரில் என்றால் இந்நேரம் பாதிப் பேர் இறங்கிப் போய் மரத்தை இழுத்துக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் எப்படி இழுப்பது என்று சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்தச் சத்தம் வேண்டும்போல இருந்தது. பத்து மணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று. மகேசனிடம் கைக்கடிகாரம் இல்லை. தொழிற்சாலையில் கழுத்துச் சங்கிலி, கடிகாரம் எதுவும் அணியவிடமாட்டார்கள். அதனால் அணியும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. அவர் சூரியனைத் தேடி வானத்தைப் பார்த்தார். வானம் முழுக்கச் சாம்பல்.

"ரீச்சர், நேரம் இருக்கா?"

"இருக்கு," என்றாள் மலர். அப்போது இருந்தது.

பிரெடெரிசியாவில் இறங்கி மழைக்குள் ஓடினோம். வழக்கறிஞரின் அறை மாடியில். உயரமான பெண்மணி, கோட்டை மாட்டிக்கொண்டே கதவைத் திறந்தார். அவர் டேனிஷில் சொன்னதை மலர் பிறகு எனக்குச் சொன்னாள்: "இந்தப் புயலில் வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். பன்னிரண்டு மணிக்கு என் ரயில். இப்போதே கையெழுத்து வைக்கவேண்டும்."

நான் என் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று நாற்பது.

மகேசன் மேசைக்கு முன்னால் போய் நின்றார். பேனையைக் கையில் எடுத்தார். பிறகு அதை வைத்துவிட்டு மலரைத் திரும்பிப் பார்த்தார். "ரீச்சர், தாமதமாப் போச்சு. இப்ப எப்பிடி? வைக்கலாமா?"

மலர் கைப்பையைத் திறந்து பஞ்சாங்கத்தை எடுத்தாள். அதற்குள் இருந்த தாளை விரித்தாள். நான் அவள் தோளோடு நின்றேன். அவள் கையாலேயே எழுதிய எழுத்து, 11.23 – 12.14. அடியில் இரண்டு கோடு. அவள் அதை வாசித்தாள், மறுபடி வாசித்தாள், மடித்தாள்.

"நல்ல நேரம்," என்றாள். "வையுங்கோ."

மகேசன் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, மனைவியின் பெயருக்குக் கீழே, பள்ளிப் பிள்ளை மாதிரிப் பெரிய எழுத்தில் கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டு அழுதார். வழக்கறிஞர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அடுத்தது மலரின் தாள். அவள் யாரிடம் நேரம் கேட்பது? பேனையைப் பிடித்தபடி நின்றாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொன்னேன் அல்லவா, அந்த நேரம் நானும் கடிகாரத்தை மறுபடி பார்த்தேன். நேரத்தைத் தள்ளு, வேறொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிடுவேனோ என்று என்னையே பயந்தேன். மலர் துளசியின் பெயரை ஒரு தரம் விரலால் தொட்டாள். குனிந்து கையெழுத்து வைத்தாள். மணி பதினொன்று நாற்பத்தாறு.

திரும்பும் ரயிலில் மகேசன் இருந்தபடியே உறங்கிவிட்டார். நான் தாழ்ந்த குரலில் கேட்டேன். "மலர், உன்ரை கணக்குப்படி அது முழு ராகுகாலம்."

"ஓம்."

"பொய் சொன்னனீ."

"உன்ரை அந்தத் தெசலிக்காரியும் ஊருக்குப் பொய்தானே சொன்னவள்? அவள் நிலா கறுக்கும் எண்டு தெரிஞ்சு சொன்னவள். எனக்கு என்ன நடக்குமெண்டு தெரியாது, சரோ." மிச்சம் இருந்த பாணைத் தாளில் சுற்றினாள். "அவர் என்னை நம்பி வைச்சார். நான் தெரிஞ்சுகொண்டு வைச்சனான். ஏதும் வந்தால் எனக்கு வரட்டும், பிள்ளைக்கு வேண்டாம் எண்டு கேட்டனான்." அவள் கோட்டுப்பைக்குள் கை எதையோ உருட்டிக்கொண்டிருந்தது. நான் கொடுத்த அம்பர்.

சனிக்கிழமை அதே கப்பல், அதே பொரியல். இந்தத் தரம் கடல் அமைதி. பசி வந்தும் நான் அந்த இறைச்சியைத் தொடவில்லை, முட்டையை மட்டும் தின்றேன்.

அடுத்த வருடம் கோப்புகள் அசையத் தொடங்கின. அந்தக் கட்டுத்தான் காரணமா, வேறு எதுவுமா, எனக்குத் தெரியாது. கோடை முடியும் நேரம் மலரிடமிருந்து கடிதம் வந்தது. மகேசனின் மனைவி சித்திரையில் வந்துவிட்டாராம். ரீச்சர் பார்த்துத் தந்த நேரத்தில் வைத்த கையெழுத்து என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறாராம். இப்போது கோப்பன்ஹேகன் பக்கத்து டோஸ்ட்ருப்பிலிருந்தெல்லாம் ஆட்கள் நேரம் கேட்டு அவளுக்கு ரெலிபோன் எடுக்கிறார்களாம்.

கடைசிப் பக்கத்தில் துளசியைப் பற்றி எழுதியிருந்தாள். அதை அப்படியே தருகிறேன்.

"பிள்ளை வந்திட்டாள், சரோ. விமான நிலையத்திலை கூட்டிக்கொண்டு வந்த பெண்ணின்ரை பின்னாலை ஒளிச்சு நிண்டாள். நான் கிட்டப் போய்க் குந்தினன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்திட்டு, 'சின்னம்மா' எண்டாள். அங்கை அக்கான்ரை பிள்ளையள் என்னை அப்பிடித்தானே சொல்லுறவை, அதுகளோடை சேர்ந்து இவளும் பழகிப்போனாள். இண்டைக்கும் அப்பிடித்தான் கூப்பிடுறாள். நீ இது ராகுகாலத்தாலை எண்டு நினைப்பாய். நானும் முதல் அப்பிடித்தான் நினைச்சனான். பிறகு கணக்குப் பார்த்தனான். ஒரு கையெழுத்து வைக்க ஒரு நிமிசம் போகாது. நான் அவளைப் பாராமல் இருந்தது மூண்டரை வருசம்."